வட்டு சுழல்கிறது, படம் ஓடவில்லை

பெங்களூரு நெடுஞ்சாலையில் இருங்காட்டுக்கோட்டையில் தொடங்கி, ஶ்ரீபெரும்புதூர் வழியாக ஒரகடம் வரை நீளும் தொழிற்பேட்டைகளிலிருந்து காரும் கைப்பேசியும் மட்டும் வெளியே வருவதில்லை. அலுவலகங்கள் கழித்துவிட்ட கணினிகளும் வருகின்றன. குத்தகைக் காலம் முடிந்ததும் மொத்தமாக ஏலத்தில் போய், வன்தட்டு துடைக்கப்பட்டு, உள்ளூர்க் கடையிலோ சென்னை ரிச்சி தெருவிலோ ‘செகண்ட் ஹேண்ட் சிஸ்டம்’ என்ற பெயரில் மறுபிறவி எடுக்கின்றன. விண்டோஸ் உரிமத்துக்குத் தனிக்காசு வேண்டாம் என்று லினக்ஸ் போட்டு வாங்குவோரும் உண்டு. அப்படி ஒரு கணினி வீட்டுக்கு வருகிறது. பழைய விசிடி ஒன்றைப் போட்டால் ஓடுகிறது. மாமா பையன் கல்யாண டிவிடியைப் போட்டால் அதுவும் ஓடுகிறது. காசு கொடுத்து வாங்கிய திரைப்பட டிவிடியைப் போட்டால் மட்டும் தட்டு உள்ளே போகிறது, விர்ரென்று சுழல்கிறது, வட்டின் பெயர்கூடத் திரையில் தெரிகிறது. படத்துக்குப் பதில் பச்சையும் ஊதாவுமாகச் சதுரங்கள் சிதறுகின்றன, அல்லது ‘படிக்க முடியவில்லை’ என்ற ஒற்றை வரி. கடையில் கேட்டால் பதில் தயாராக இருக்கும்: “லென்ஸ் போயிடுச்சு சார், டிரைவ் மாத்திடலாம்.”

இந்தத் தீர்ப்பு பெரும்பாலும் தவறு. படம் ஓடாத டிரைவுகளில் பலவற்றுக்குப் படிக்கத் தெரியும்; படித்ததைத் திறந்து காட்டும் உரிமைதான் அந்தக் கணினியிடம் இல்லை. பழைய கணினி வாங்குபவர் கையில் இரும்பும் சிலிக்கானும் முழுசாக வந்து சேர்கின்றன. அவற்றோடு முதல் உரிமையாளருக்கு வந்திருந்த உரிமங்கள் வழியிலேயே உதிர்ந்துவிடுகின்றன. திறமைக் குறைவையும் அனுமதிக் குறைவையும் எப்படிப் பிரித்தறிவது? வட்டிலிருந்து திரைவரை ஒரு படம் கடக்கவேண்டிய வாசல்களை ஒவ்வொன்றாகப் பார்த்தால் விடை தானே வரும்.

முதல் வாசல் ஒளி. டிவிடியின் உள்ளே, நடுவிலிருந்து விளிம்பு நோக்கி ஒரே சுருளாக ஒரு தடம் ஓடுகிறது. அந்தத் தடத்தில் வரிசையாக நுண்குழிகள். அடுத்தடுத்த இரண்டு சுற்றுகளுக்கு இடையே 0.74 மைக்ரான்தான் இடைவெளி. ஒரு தலைமுடியின் அகலத்துக்குள் ஏறக்குறைய நூறு சுற்றுகளை அடுக்கலாம். சிடியில் இதே இடைவெளி 1.6 மைக்ரான். அரிசியில் பெயர் எழுதித் தருபவர் தடித்த மார்க்கரை எடுத்தால் என்ன ஆகும்? அதேபோல, இவ்வளவு நெருக்கமான குழிகளைப் பிரித்துப் பார்க்க ஒளிப்புள்ளியும் சிறிதாக இருக்கவேண்டும். ஒளிப்புள்ளி எவ்வளவு சிறுக்கும் என்பது ஒளியின் அலைநீளத்தையும் லென்ஸின் குவிக்கும் திறனையும் பொறுத்தது. சிடியைப் படிப்பது 780 நானோமீட்டர் அலைநீளமுள்ள, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர். டிவிடிக்கு 650 நானோமீட்டர் சிவப்புக் கதிர். ஆகவே டிவிடி டிரைவுக்குள் லேசர் ஒன்றல்ல, இரண்டு. விசிடி என்பது சிடி வகை வட்டு. அதை அகச்சிவப்பு லேசர் படித்துவிடும். சிவப்பு லேசர் செத்தே போயிருந்தாலும் விசிடி ஓடும். “விசிடி ஓடுதே, அப்ப டிரைவ் நல்லாத்தானே இருக்கு” என்று நாம் வாதாடினால், கடைக்காரர் அதை ஏற்காததில் நியாயம் உண்டு. விசிடியின் சாட்சியம் இந்த வழக்கில் செல்லாது.

கல்யாண வட்டின் சாட்சியம் செல்லும். அது டிவிடி, சிவப்பு லேசர் படித்தால்தான் மணமேடை தெரியும். இதற்கும் கடைக்காரர் தரப்பில் ஒரு நல்ல ஆட்சேபம் உண்டு, அதைச் சொல்லாமல் விடக்கூடாது. ஸ்டுடியோக்காரர் எழுதித் தரும் வட்டு பெரும்பாலும் 4.7 ஜிபி கொண்ட ஒற்றை அடுக்கு. திரைப்பட வட்டுகளில் பல 8.5 ஜிபி கொண்ட இரட்டை அடுக்கு. முதல் அடுக்கு பாதி ஒளியை ஊடுருவ விட்டால்தான் லேசர் இரண்டாவதை எட்டும். அதனால் ஒற்றை அடுக்கு வட்டு தன்மீது விழும் ஒளியில் 45 முதல் 85 சதவீதம் வரை திருப்பி அனுப்ப, இரட்டை அடுக்கு 18 முதல் 30 சதவீதமே திருப்புகிறது. வயதான லேசர், கல்யாண வட்டில் ஒப்பேற்றிவிட்டு, இரட்டை அடுக்குப் பட வட்டில் கோட்டைவிடக்கூடும். ஆனால் அப்படிக் கோட்டைவிட்டால் அது முதல் அடியிலேயே தெரியும். வட்டின் பெயரும் கோப்புப் பட்டியலும் அதே மங்கலான அடுக்கில்தான் எழுதப்பட்டிருக்கின்றன. நம் புதிரில் வட்டின் பெயர் திரையில் வந்துவிட்டது. உள்ளே திறந்து பார்த்தால் ‘வீடியோ_டிஎஸ்’ என்ற உறையும், அதனுள் ஏறக்குறைய 1 ஜிபி அளவுக் கோப்புகள் வரிசையாகவும் தெரியும். ஐஎஃப்ஓ என்று முடியும் குட்டிக் கோப்பொன்றை வன்தட்டுக்கு நகலெடுத்தால் சிக்கலில்லாமல் வந்துவிடும். அதைப் படித்த கண்ணுக்குப் பக்கத்திலிருக்கும் படத்தைப் படிக்கத் தெரியாதா?

தூசியும் கீறலும் பற்றி ஒரு வார்த்தை. கட்டுமான மண்ணும் லாரிப் புழுதியும் ஓயாத பகுதி என்பதால் பழி உடனே தூசிமேல் விழும். லேசர் கதிர் வட்டின் மேற்பரப்பைத் தொடும்போது ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் அகலம் இருக்கிறது. 0.6 மில்லிமீட்டர் பிளாஸ்டிக்கைக் கடந்து குழியை அடையும்போது அரை மைக்ரானாக, அதாவது ஆயிரத்தில் ஒரு பங்காகக் குவிகிறது. மேற்பரப்பில் ஒட்டிய துகள் கதிரின் ஒரு மூலையை மட்டும் மறைக்கிறது. கண்ணாடியில் தூசி படிந்திருந்தாலும் அதன் வழியே சாலையைப் பார்ப்பதுபோல. அதையும் மீறிச் சில எண்கள் தொலைந்தால் பிழைதிருத்தம் இருக்கிறது. ஒப்பந்தத் தொழிலாளர் வருகைப் பதிவேட்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு ஆளுக்கும் மாத மொத்தம் வலது ஓரத்தில். ஒவ்வொரு நாளுக்கும் ஆள் மொத்தம் அடியில். நடுவில் ஒரு கட்டத்தில் டீ சிந்தி எழுத்து அழிந்தாலும், இரண்டு மொத்தங்களை வைத்து அழிந்த எண்ணைக் கண்டுபிடித்துவிடலாம். டிவிடியில் எண்கள் இப்படித்தான், 192 வரிசையும் 172 பத்தியுமாகக் கட்டம் கட்டி, குறுக்குக்கும் நெடுக்குக்கும் கூடுதல் சரிபார்ப்பு எண்களோடு எழுதப்படுகின்றன. வெறும் கூட்டல் கணக்கைவிடச் சாமர்த்தியமான கணக்கு அது. தடத்தின் வழியே சில மில்லிமீட்டர் நீளம் பாழானாலும் மீட்டெடுத்துவிடும்.

தூசிக்கும் கீறலுக்கும் இன்னொரு குணமும் உண்டு: ஒழுங்கின்மை. ஒரு வட்டில் பத்தாவது நிமிடத்தில் நிற்கும், இன்னொன்றில் ஒரு மணி நேரம் ஓடும், துடைத்துப் போட்டால் கொஞ்சம் தள்ளிப் போய் நிற்கும். டிரைவ் வேகம் குறைத்து, மறுபடி மறுபடி முயன்று, டக் டக்கென்று தலையை நகர்த்தும் ஓசை கேட்கும். உரிமை இல்லாமல் வரும் மறுப்புக்கு இந்தத் தடுமாற்றம் கிடையாது. எந்தப் பட வட்டைப் போட்டாலும் அதே இடம், அதே நொடி, அதே பதில். இயந்திரம் பழுதானால் பல விதமாகத் தவறும்; மறுப்பதென்றால் ஒரே விதமாகத்தான் மறுக்கும். மெக்கானிக்குகள் இந்த வேறுபாட்டை வண்டி விஷயத்தில் நன்றாக அறிவார்கள். பெட்ரோல் அடைப்பால் திணறும் எஞ்சினும் சாவி போடாத எஞ்சினும் ஒரே மாதிரி நிற்பதில்லையே.

இரண்டாவது வாசல் சுருக்கம். நம் நாட்டுத் தொலைக்காட்சி முறைப்படி அமைந்த டிவிடிப் படத்தின் ஒவ்வொரு சட்டகமும் அகலத்தில் 720 புள்ளி, உயரத்தில் 576 புள்ளி. நொடிக்கு 25 சட்டகங்கள். இவற்றை உள்ளபடியே எழுதினால் நொடிக்குப் பதினைந்தரை எம்பி ஆகும். 4.7 ஜிபி வட்டு 5 நிமிடத்தில் நிரம்பிவிடும். டைட்டில் கார்டு முடிவதற்குள் வட்டு தீர்ந்துபோகும். இரண்டரை மணி நேரப் படம் எப்படி அடங்குகிறது? நம் கிரயப் பத்திரங்களில் ஒரு சொல் உண்டு, ‘மேற்படி’. ஒருவருடைய பெயர், தகப்பனார் பெயர், ஊர், கதவு எண் எல்லாவற்றையும் ஒருமுறை விரிவாக எழுதிவிட்டால், பிறகு ‘மேற்படியார்’ என்ற ஒரு சொல் போதும். எம்பெக்-2 என்ற சுருக்கமுறை செய்வதும் இதுவே. அரை நொடிக்கு ஒருமுறை ஒரு சட்டகத்தை முழுமையாக எழுதுகிறது. இடையில் வரும் சட்டகங்களுக்கு ‘சுவர் மேற்படி, நாற்காலி மேற்படி, நாயகனின் கை மட்டும் நான்கு புள்ளி வலப்பக்கம்’ என்று மாற்றத்தை மட்டும் குறிக்கிறது. சில சட்டகங்கள் பின்னால் வரப்போவதையும் பார்த்து எழுதப்படுகின்றன, ‘கீழ்க்கண்ட’ என்பதுபோல. இந்தப் பத்திரத்தைப் படித்து முழுப் படத்தை மீண்டும் கட்டும் நிரலுக்குக் குறிவிலக்கி என்று பெயர் வைத்துக்கொள்ளலாம்.

பழைய கணினிக்கு இந்தக் கணக்குப் போடும் வேகம் இல்லையோ என்று சிலர் ஐயப்படுகிறார்கள். டிவிடி ஜப்பானில் விற்பனைக்கு வந்தது 1996 நவம்பரில். அந்தக் காலக் கணினிகள் திணறியது உண்மை. குறிவிலக்கத்துக்கென்றே தனி அட்டை செருகவேண்டியிருந்தது. 2000 வாக்கில் செயலிகள் அதைத் தாமே செய்யத் தொடங்கிவிட்டன. இன்று ஏலத்தில் வரும் மிகப் பழைய அலுவலகக் கணினிக்குக்கூட இந்த வேலை வெற்றிலை மெல்வது மாதிரி.

திறமை இருந்தும் குறிவிலக்கி இல்லாமல் போவது ஏன் என்ற கேள்வியில்தான் உரிமம் முதல்முறையாகத் தலைகாட்டுகிறது. எம்பெக்-2 முறையின் பகுதிகளுக்குப் பல நிறுவனங்கள் காப்புரிமை வைத்திருந்தன. எல்லாவற்றையும் ஒரே கட்டாகத் திரட்டி, ஒரு குறிவிலக்கிக்கு இவ்வளவு என்று வசூலித்தது எம்பெக் எல்ஏ என்ற அமெரிக்க நிறுவனம். 2002 முதல் இரண்டரை டாலர், 2010 முதல் 2 டாலர். கோடிக்கணக்கில் விற்பவருக்கு 2 டாலர் சின்னக் காசு கிடையாது. ஆகவே விண்டோஸ் எக்ஸ்பியில் இந்தக் குறிவிலக்கி இல்லை. விண்டோஸ் 7-ன் மலிவுப் பதிப்புகளான ஸ்டார்ட்டரிலும் ஹோம் பேசிக்கிலும் இல்லை. 2012-ல் வந்த விண்டோஸ் 8-லிருந்து டிவிடி ஓட்டும் வசதியையே மைக்ரோசாஃப்ட் எடுத்துவிட்டது. அப்படியானால் அந்தக் கணினிகள் புதிதாக இருந்தபோது படம் எப்படி ஓடியது? டிவிடி டிரைவ் வைத்து விற்கப்பட்ட கணினிகளில் பவர்டிவிடி, வின்டிவிடி போன்ற மென்பொருளைத் தயாரிப்பாளர்களே உரிமத்தோடு ஏற்றி அனுப்பும் வழக்கம் இருந்தது. டெல் 2007-ல் ஶ்ரீபெரும்புதூரில் ஆலை திறந்த காலம் இந்த வழக்கம் உச்சத்தில் இருந்த காலம். அந்த மென்பொருள் இருந்தது வன்தட்டில். நிறுவனம் கணினியைக் கழிக்கும்போது ரகசியம் கசியக்கூடாது என்று வன்தட்டைத் துடைக்கிறது. கணக்கு வழக்குகளோடு படம் ஓட்டும் உரிமமும் துடைபட்டுப் போகிறது. இதை எந்த ஏலப் பட்டியலும் குறிப்பதில்லை.

எம்பெக்-2 காப்புரிமைகளில் அமெரிக்காவில் மிஞ்சியிருந்த கடைசி ஒன்றும் 2018 பிப்ரவரியில் காலாவதியானது. லினக்ஸ் உலகம் அதற்கு முன்பிருந்தே கட்டற்ற குறிவிலக்கிகளை வைத்திருந்தது. விஎல்சி, பாரிஸின் எக்கோல் சென்ட்ரால் கல்லூரி மாணவர்கள் 1996-ல் தொடங்கி, 2001-ல் கட்டற்ற உரிமத்தில் வெளியிட்ட திட்டத்திலிருந்து வந்தது. நம் புதிரில் கல்யாண வட்டு ஓடியதே, அது இரண்டு வாசல்களையும் ஒருசேரத் தாண்டிவிட்டது. கண் தெரிகிறது, பத்திரம் வாசிக்கவும் தெரிகிறது. கல்யாண வட்டுக்கும் பட வட்டுக்கும் மீதமுள்ள வேறுபாடு ஒன்றுதான். கல்யாண வட்டில் பூட்டு இல்லை.

மூன்றாவது வாசல் அந்தப் பூட்டு. சிஎஸ்எஸ் என்று அழைக்கப்படும் மறையாக்க முறை இது. 1996-ல் படநிறுவனங்களும் கருவி தயாரிப்பாளர்களும் சேர்ந்து உருவாக்கியது. படத்தின் எண்கள் ஒரு சாவியால் கலைத்துப் போடப்பட்டிருக்கும். அந்தச் சாவியை வட்டுச்சாவி என்ற இன்னொன்று பூட்டியிருக்கும். வட்டுச்சாவி எங்கே? வட்டின் நடுத்துளைக்கு அருகே ஒரு மறைவிடத்தில், நானூற்றுச் சொச்சம் குட்டிப் பெட்டிகளில், ஒவ்வொன்றிலும் அதே வட்டுச்சாவியின் ஒரு பிரதி. உரிமம் வாங்கிய பிளேயர் நிறுவனம் ஒவ்வொன்றிடமும் அவற்றில் ஒரு பெட்டியைத் திறக்கும் சாவி தரப்படும். ஒரு நிறுவனத்தின் சாவி களவுபோனால், அடுத்து அச்சிடும் வட்டுகளில் அந்தப் பெட்டியை மட்டும் விட்டுவிடலாம் என்பது திட்டம். கணினியில் கூடுதலாக ஒரு சடங்கும் உண்டு. வங்கி லாக்கரில் மேலாளர் சாவியும் நம் சாவியும் சேர்ந்தால்தான் கதவு திறக்கும் அல்லவா? அதுபோல டிரைவும் மென்பொருளும் ஒருவரையொருவர் சோதித்துக்கொண்ட பிறகே அந்த மறைவிடத்தை டிரைவ் வாசித்துக் காட்டும். உரிமமில்லாத மென்பொருள் கேட்டால் வட்டின் பெயரைச் சொல்லும், பட்டியலைச் சொல்லும், படத்தை மட்டும் கலைத்த நிலையிலேயே தரும் அல்லது தர மறுக்கும். திரையில் பார்த்த பச்சை ஊதாச் சதுரங்கள், பூட்டிய பத்திரத்தைப் பூட்டு இருப்பதே தெரியாமல் குறிவிலக்கி வாசித்ததன் விளைவு.

ரகசியமாக வைத்திருந்த இந்த ஏற்பாடு நமக்கு எப்படித் தெரிந்தது? 1999 அக்டோபரில் டிசிஎஸ்எஸ் என்ற சிறு நிரல் இணையத்தில் வெளியானது. அதை வெளியிட்டவர்களில் பெயர் தெரிந்தவர் நார்வேயைச் சேர்ந்த யோன் லெக் யோஹான்சன். அப்போது அவருக்கு வயது 15. ஸிங் என்ற நிறுவனத்தின் பிளேயர் மென்பொருள் தன் சாவியைச் சரியாக மறைத்து வைக்கவில்லை. அந்த ஓட்டை வழியாகவே எல்லாம் வெளியே வந்தது. முறை வெளிப்பட்ட சில வாரங்களுக்குள் ஃபிராங்க் ஸ்டீவன்சன் என்ற நிரலாளர் அதைப் பகுத்தாய்ந்து, திருட்டுச் சாவிகூடத் தேவையில்லை என்று காட்டினார். சாவியின் நீளம் 40 பிட். எல்லாச் சாவியையும் முயன்று பார்க்க ஒரு லட்சம் கோடி முயற்சிக்கு மேல் வேண்டும். ஆனால் பூட்டின் அமைப்பிலிருந்த குறையால் ஏறக்குறைய மூன்றரைக் கோடி முயற்சியில் வட்டுச்சாவி கிடைத்துவிடும், அன்றைய வீட்டுக் கணினிக்குச் சில நொடி வேலை. இதை யாரும் நம்பிக்கையின் பேரில் ஏற்கவேண்டியதில்லை. யார் வேண்டுமானாலும் ஒரு வட்டை வைத்துச் சோதித்துக்கொள்ளலாம், பலர் சோதித்தார்கள். யோஹான்சன்மேல் நார்வேயில் வழக்கு நடந்தது. தன் சொந்த வட்டைத் தன் கணினியில் பார்ப்பது குற்றமாகாது என்று 2003 ஜனவரியில் ஓஸ்லோ நீதிமன்றம் விடுவித்தது. அதே ஆண்டு டிசம்பரில் மேல்முறையீட்டிலும் விடுதலை.

விஎல்சி குழுவின் லிப்டிவிடிசிஎஸ்எஸ் என்ற நிரல்தொகுப்பு இந்த அறிவின் வாரிசு. விண்டோஸுக்கான விஎல்சியில் அது உள்ளேயே வருகிறது. லினக்ஸில் வருவதில்லை. டெபியன் போன்ற வழங்கல்கள் சட்டச் சிக்கலுக்கு அஞ்சி அதைத் தங்கள் தொகுப்பில் சேர்ப்பதில்லை. நம் ஊர் உதாரணமே உண்டு. சென்னை சி-டாக் உருவாக்கி 2007-ல் வெளியிட்ட பாஸ் லினக்ஸ் டெபியனை அடித்தளமாகக் கொண்டது. தமிழ்நாடு அரசு 2011 செப்டம்பரில் மாணவர்களுக்கு வழங்கத் தொடங்கிய மடிக்கணினிகளில் விண்டோஸோடு அதுவும் இருந்தது. தமிழில் பட்டியல் காட்டும் இயங்குதளமானாலும் டிவிடிப் பூட்டுக்கு முன்னால் டெபியனின் கட்டுப்பாடு அதற்கும் பொருந்தும். 2015 முதல் டெபியனில் ஒரு நடுவழி இருக்கிறது. லிப்டிவிடி-பிகேஜி என்ற தொகுப்பை நிறுவினால், அது மூலநிரலை நேராக விஎல்சி தளத்திலிருந்து இறக்கி, உங்கள் கணினியிலேயே நிரலாக்கிக்கொள்ளும். அரைத்த மாவை விற்கமாட்டேன், அரிசியும் உளுந்தும் கிடைக்கும் கடையைக் காட்டுகிறேன், வீட்டிலேயே அரைத்துக்கொள்ளுங்கள் என்பதுபோல. நிறுவிய பின், அதுவரை சதுரமாய்ச் சிதறிய படம் ஓடத் தொடங்கும். ஒரு திருகாணியையும் தொடவில்லை, லென்ஸைத் துடைக்கவுமில்லை. கோளாறு கண்ணில் இல்லை என்பதற்கு இதைவிட நேரான சோதனை வேண்டியதில்லை.

அப்படியும் ஓடாவிட்டால் நான்காவது வாசல், மண்டலம். இந்தத் தொழிற்பேட்டை வழித்தடத்தில் இது வேறெந்த இடத்தையும்விடச் சுவையானது. டிவிடி உலகம் பூமியை மண்டலங்களாகப் பிரித்து எண் கொடுத்தது. அமெரிக்காவும் கனடாவும் 1. ஜப்பானும் ஐரோப்பாவின் பெரும்பகுதியும் 2. கொரியா, தைவான், தென்கிழக்கு ஆசியா 3. இந்தியாவும் இலங்கையும் ரஷ்யாவும் 5. ஒரு மண்டலத்தில் திரையரங்குக்கு வராத படம் இன்னொரு மண்டலத்தின் வட்டாக வந்து வசூலைக் கெடுக்கக்கூடாது என்பதே நோக்கம். இந்தத் தொழிற்பேட்டைகளை அந்த வரைபடத்தில் வைத்துப் பாருங்கள். இருங்காட்டுக்கோட்டையில் 1998-லிருந்து கார் செய்யும் ஹூண்டாயும் அதைச் சுற்றியுள்ள கொரிய உதிரிபாக ஆலைகளும்: ஊர் 3. ஒரகடத்து ரெனோ-நிஸானும் டைம்லரும்: ஊர் 2. டெல்: ஊர் 1. தரை: 5. அரை மணி நேரப் பயணத்துக்குள் நான்கு மண்டலங்கள். சியோலிலிருந்து வந்த பொறியாளர் விடுமுறையில் பார்க்கக் கொண்டுவந்த வட்டும், காஞ்சிபுரத்தில் வாங்கிய வட்டும் ஒரே டிரைவில் ஓடக்கூடாது என்பதே விதி.

விதியை யார் அமல்படுத்துகிறார்கள் என்பதில்தான் பழைய கணினி வாங்குபவருக்குப் பொறி இருக்கிறது. 2000 ஜனவரி முதல் விற்பனைக்கு வந்த கணினி டிரைவுகளில் மண்டல எண் டிரைவின் உள்ளேயே, அதன் நிலைப்பொருளில் பதிகிறது. பயனர் அதை ஐந்து முறை மாற்றலாம். ஐந்தாவதோடு கதவு சாத்தப்படும். கடைசியாக வைத்த எண்ணே நிலைக்கும். வன்தட்டைத் துடைத்தாலும் இயங்குதளத்தை மாற்றினாலும் இந்தக் கணக்கு அழியாது. விண்டோஸில் டிரைவின் பண்புகளைத் திறந்தால் தற்போதைய மண்டலமும், இன்னும் எத்தனை மாற்றம் மிச்சம் என்ற எண்ணும் தெரியும். லினக்ஸில் ரீஜன்செட் என்ற சிறு கருவி காட்டும். கணினியின் எல்லா நினைவுகளையும் துடைத்துவிட்டோம் என்று நினைக்கிறோம். முந்தைய உரிமையாளர் எந்த நாட்டுப் படம் பார்த்தார் என்ற குறிப்பு மட்டும் டிரைவுக்குள் உட்கார்ந்திருக்கிறது. மண்டலமே பதியாத டிரைவும் வருவதுண்டு. அதற்கு ஒருமுறை 5 என்று பதிந்துவிட்டால் போதும். பொருந்தாத மண்டல வட்டுக்கு டிரைவ் சாவி தராது. கலைந்த எண்களையாவது தரும் டிரைவென்றால் மென்பொருள் சாவியைக் கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்கும். சில டிரைவுகள் அதையும் தருவதில்லை. தமிழ்ப்பட வட்டுகளில் பல எல்லா மண்டலத்துக்கும் பொதுவாக வந்தவை என்பதால் உள்ளூர்ச் சேகரிப்பு வைத்திருப்பவருக்கு இந்த வாசல் பெரும்பாலும் திறந்தே இருக்கும்.

பூட்டைத் திறப்பது திருட்டுக்குத் துணைபோவதாகாதா என்று கேட்பது நியாயமான கேள்வி. பூட்டு யாரைத் தடுக்கிறது என்று பார்த்தால் விடை எளிது. வட்டு அச்சிடும் ஆலை வைத்திருக்கும் கள்ளப்பதிப்பாளர் பூட்டைத் திறக்கவே வேண்டாம். மறைவிடத்தையும் சேர்த்து அச்சு அசலாக வார்த்துவிடுவார், அந்த வட்டு எந்தப் பிளேயரிலும் ஓடும். விலைக்கு வாங்கிய வட்டோடு, உரிமம் உதிர்ந்த கணினி வைத்திருப்பவர்தான் வாசலில் நிற்கிறார். இந்தியாவில் கள்ள வட்டை ஓரளவாவது அசைத்தது விலைதான் என்பது என் எண்ணம்: மோசர் பேர் நிறுவனம் 2007-ல் விசிடியை 28 ரூபாய்க்கும் டிவிடியை 34 ரூபாய்க்கும் விற்றபோது, பிளாட்பார வட்டுக்கும் அசலுக்கும் இருந்த இடைவெளி கரைந்தது. அந்த நிறுவனம் 2018-ல் கலைப்புக்குப் போனது தனிக்கதை. சட்டத்தைப் பொறுத்தவரை, 2012-ல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டத்தின் 65ஏ பிரிவு, உரிமையை மீறும் நோக்கத்தோடு தொழில்நுட்பப் பூட்டை உடைப்பதைக் குற்றமாக்குகிறது. சட்டம் வெளிப்படையாகத் தடுக்காத நோக்கத்துக்கு அப்படிச் செய்வதை விலக்கி வைக்கிறது. சொந்த வட்டை வீட்டில் பார்ப்பதைச் சட்டத்தின் எந்தப் பிரிவும் தடுப்பதாகத் தெரியவில்லை. பத்துப் பிரதி எடுத்து விற்பது வேறு விஷயம், அது பூட்டு இருந்தாலும் இல்லாவிட்டாலும் குற்றம்.

இன்னொரு ஆட்சேபம்: கைப்பேசியிலேயே எல்லாப் படமும் கிடைக்கும்போது டிவிடி யாருக்கு வேண்டும்? புதுப்படத்துக்கு வேண்டாம்தான். ஆனால் எந்த ஓடிடியிலும் வராத படங்கள் வட்டில் மட்டும் இருக்கின்றன, வீட்டு அலமாரிகளில் 2000-களின் கல்யாணங்களும் காதுகுத்துகளும் இருக்கின்றன. எழுதப்பட்ட வட்டில் குழி கிடையாது, வெயிலுக்கும் வெப்பத்துக்கும் மங்கும் சாயம்தான் இருக்கிறது. அவற்றை வன்தட்டுக்கு மாற்ற ஒரு நல்ல சிவப்பு லேசர் தேவை. அனுமதிக் கோளாறை லென்ஸ் கோளாறு என்று தவறாகக் கணித்து நல்ல டிரைவுகளைக் குப்பையில் போடுவது அந்த லேசர்களைத்தான் குறைக்கிறது. டிரைவ் இல்லாத மடிக்கணினிக்கு வெளியே செருகும் யுஎஸ்பி டிரைவ் வாங்குவோர் ஒன்றைக் கவனிக்கவேண்டும்: பழைய யுஎஸ்பி 2 துளை தருவது அரை ஆம்பியர்தான், சுழலத் தொடங்கும் நொடியில் டிரைவ் அதைவிட அதிகம் கேட்கக்கூடும். அப்போது வரும் டக் டக் ஓசையும் லென்ஸ் கணக்கில்தான் எழுதப்படுகிறது. இரட்டைத் தலை வயர் போட்டால் சரியாகிவிடும்.

ஆகவே பழைய கணினி வாங்கப் போகும்போது பையில் இரண்டு வட்டுகள் வைத்துக்கொள்ளுங்கள்: கல்யாண டிவிடி ஒன்று, விலைக்கு வாங்கிய பட டிவிடி ஒன்று. முதலாவது தடுமாறினால் டிரைவுக்குத் தனியாகப் பணம் கொடுக்காதீர்கள். முதலாவது ஓடி இரண்டாவது மறுத்தால், டிரைவை மாற்றச் சொல்லும் முன் மண்டலத்தையும் மிச்சமிருக்கும் மாற்றத்தையும் திரையில் காட்டச் சொல்லுங்கள். மண்டலம் 3 என்றும் மிச்சம் 0 என்றும் வந்தால் வேறு டிரைவ் கேளுங்கள். மற்றபடி அதை வீட்டுக்குக் கொண்டுவந்து பூட்டைத் திறக்கும் தொகுப்பை நிறுவிக்கொள்ளலாம், சில நிமிட வேலை.